கட்டு தெரிந்தால்தான் வலியா?

2025 ஆகஸ்ட் 4, லண்டன் ஓவல் மைதானம், இந்தியா இங்கிலாந்து டெஸ்ட். இங்கிலாந்துக்கு இன்னும் 17 ரன் தேவைப்பட்டபோது ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. அடுத்து ஆள் வருவாரா மாட்டாரா என்று எல்லோரும் பெவிலியனையே பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ் வோக்ஸ் படியிறங்கி வந்தார். அந்த டெஸ்டின் முதல் நாளன்று ஃபீல்டிங்கில் விழுந்ததில் அவருடைய இடது தோள்பட்டை மூட்டு விலகியிருந்தது. அந்தக் கையைக் கட்டுப்போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் மட்டையோடு வந்தவரை மைதானமே எழுந்து நின்று வரவேற்றது. கடைசிவரை அவர் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளவில்லை. மறுமுனையில் இருந்தபடி ரன்னுக்கு ஓடியதற்கே முகம் வலியில் கோணிப்போனது, கேமராவும் அதை விடாமல் காட்டியது. இந்தியா 6 ரன்னில் வென்ற ஆட்டம் அது, ஆனால் அன்று மாலைக்குள் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது தோற்ற அணியின் அந்த ஒற்றைக்கைப் படம்தான்.

அதே தொடரில் மான்செஸ்டரில் இந்தியாவின் ரிஷப் பந்த்துடைய வலது பாதத்தைப் பதம் பார்த்ததும் இதே வோக்ஸ் வீசிய பந்துதான். 37 ரன்னில் இருந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எலும்பு முறிவு என்று செய்தி வந்தது, மறுநாள் நொண்டிக்கொண்டே இறங்கிவந்து 54 வரை கொண்டுபோனார். அன்றும் கூட்டம் எழுந்து நின்றது.

இந்த இரண்டு பேருக்கும் கிடைத்த மரியாதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் திரைக்கு முன்னால் கைதட்டினேன். என்னை உறுத்துவது அதே தொடரில், அதே வாரங்களில், இன்னொரு ஆட்டக்காரரைப் பற்றி நடந்த பேச்சு.

ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டும்தான் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா ஆடுவார் என்று தொடர் தொடங்கும் முன்பே தேர்வுக்குழு சொல்லிவிட்டது. சொன்னபடியே மூன்றில் ஆடினார். அவர் ஆடாத இரண்டு டெஸ்டையும் இந்தியா ஜெயித்தது. இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் ஐந்திலும் ஆடி, 185 ஓவருக்கு மேல் வீசி, 23 விக்கெட் எடுத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "ஐபிஎல்னா முதுகு வலிக்காது, நாட்டுக்குன்னா மட்டும் வலிக்கும்" என்று ஒரு பக்கம். அவர் இல்லாவிட்டால்தான் அணி ஜெயிக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். சிராஜின் அபாரமான உழைப்பைப் பாராட்ட வேண்டிய நேரத்தில், அந்த உழைப்பை எடுத்து இன்னொருவர் முதுகில் அடிக்கும் பிரம்பாக ஆக்கினார்கள்.

முதுகில் என்றது சும்மா சொல்லவில்லை. பும்ராவின் பிரச்சினையே முதுகுதான். வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் கணத்தில் கீழ்முதுகு ஒரே நேரத்தில் பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திரும்பவும் செய்கிறது, முன்கால் தரையில் குத்தும் வேகம் முழுக்க அந்த வளைவின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. ஒரு பந்தில் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான பந்துகளில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதைவிட வேகமாகத் தேய்மானம் ஏறினால் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள். இதில் விழுந்து புரண்ட காட்சி இல்லை, இரத்தம் இல்லை, ஸ்ட்ரெச்சர் இல்லை. முதல் நாள் நன்றாக வீசியவர் மறுநாள் அணியில் இல்லை என்று செய்தி வரும், அவ்வளவே. பார்த்த கண்ணுக்கு ஒன்றும் அகப்படாததால் மனசு காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறது: பணம், சோம்பல், கேப்டனோடு மனக்கசப்பு.

அவருடைய வரலாற்றையாவது பார்த்திருக்கலாம். 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் திரும்பிவந்து இரண்டு ஆட்டம் ஆடினார், பிறகு முதுகு காரணமாக டி20 உலகக் கோப்பையிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் அணியில் அவர் பெயரைச் சேர்த்தார்கள், ஒரு பந்து வீசும் முன்பே எடுத்தார்கள். மார்ச்சில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் களம். அதன் பிறகு கிடைத்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் அவர்தான். அந்த ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவில் அணியே தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒற்றை ஆளாக 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில் பாதியில் மைதானத்தை விட்டு ஸ்கேன் எடுக்கக் காரில் போனவர், இரண்டாம் இன்னிங்ஸில் பந்தே வீசவில்லை, அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியிலும் ஆடவில்லை. இத்தனையும் நடந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவரை ஐந்து டெஸ்டுக்கும் ஓட்டச் சொல்வது எந்த நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கும்ப்ளேயைக் கொண்டுவந்து நிறுத்துவார். 2002, ஆன்டிகுவா, உடைந்த தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, 14 ஓவர், வெஸ்ட் இண்டீஸின் லாராவின் விக்கெட். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கும் சிலிர்க்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், லெக் ஸ்பின் போடுகிறவருக்குத் தாடை உடைந்தால் வலி உயிர் போகும், பந்து வீசுவதால் அந்த எலும்பு மேலும் உடையாது. வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகில் விரிசல் இருந்தால் வீசும் ஒவ்வொரு பந்தும் அந்த விரிசலின் மேலேயே விழுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கும்ப்ளேயும் அடுத்த நாளே அறுவை சிகிச்சைக்காக ஊர் திரும்பிவிட்டார், அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

கிரிக்கெட்டில் மட்டும் நடப்பது இல்லை இது. எனக்குத் தெரிந்து இதன் மிகக் கொடூரமான வடிவம் 2019-ல் கூடைப்பந்தில் நடந்தது.

கெவின் டுரான்ட் அப்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் இருந்தார். மே மாதம் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் கெண்டைக்கால் தசையில் காயம். அவர் வெளியே உட்கார, மீதமிருந்தவர்கள் ஹூஸ்டனை முடித்தார்கள், அடுத்து போர்ட்லாண்டை நான்குக்கு நான்கு என்று துடைத்தெடுத்தார்கள். உடனே தொலைக்காட்சி விவாதங்களில் வாரக்கணக்கில் ஒரே தலைப்பு: டுரான்ட் இல்லாமல் இந்த அணி இன்னும் நன்றாக ஆடுகிறதோ? பும்ராவுக்கு வந்த அதே கேள்வி. பிறகு இறுதிச் சுற்றில் டொரான்டோவிடம் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியதும் காற்று அப்படியே திரும்பியது. இப்போது கேள்வி வேறு: அவர் எங்கே? நிஜமாகவே இவ்வளவு நாள் வலிக்குமா?

ஜூன் 10, ஐந்தாவது ஆட்டம். டுரான்ட் இறங்கினார். 12 நிமிடத்தில் 11 புள்ளி. இரண்டாம் கால்பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், எதிரே நின்றவரைத் தாண்ட வலதுகாலை ஊன்றியவர் நின்றுவிட்டார். தரையில் உட்கார்ந்து குதிகாலுக்கு மேலே கையை வைத்துத் தடவினார். அக்கிலிஸ் தசைநாண் அறுந்தவர்கள் பலர் ஒரே மாதிரி சொல்வார்கள், பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்று. கெண்டைக்கால் தசை கீழே இறங்கி முடிகிற இடம்தான் அந்தத் தசைநாண்.

அவர் உட்கார்ந்தபோது டொரான்டோ அரங்கில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. கையை ஆட்டி வழியனுப்பினார்கள். எதிரணியின் கைல் லௌரியும் செர்ஜ் இபாகாவும்தான் சொந்த ரசிகர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்கள். பிறகு கூட்டம் சுதாரித்துக்கொண்டு கைதட்டியது, அவர் பெயரையும் சொல்லிக் கத்தியது. ஆனால் முதலில் வந்தது எது என்பது பதிவாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வாரியர்ஸின் பொது மேலாளர் பாப் மையர்ஸ் செய்தியாளர்களுக்கு முன்னால் கண்ணீரோடு, யாரையாவது குற்றம் சொல்லியே ஆகவேண்டும் என்றால் என்னைச் சொல்லுங்கள் என்றார்.

மையர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மாதம் முழுக்க அந்த மனிதனின் வலி உண்மையா என்று திரையில் உட்கார்ந்து பேசியவர்கள், மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரை ஏன் ஆடவிட்டார்கள் என்று கேட்டார்களே, அதுதான் தாங்கவில்லை. இடையில் ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை.

இதற்கு நேரெதிரான கதை டெரிக் ரோஸ். 22 வயதில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், அந்த விருதை அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. பிறந்த ஊரான சிகாகோவின் அணிக்கே ஆடியவர். 2012 ஏப்ரல் 28, பிலடெல்பியாவுக்கு எதிராக ஆட்டம் கிட்டத்தட்ட கையில் இருந்தது, ஒன்றரை நிமிடம்கூட மீதம் இல்லை, தாவி இறங்கியதில் இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவத்தின் பிற்பாதியில், மருத்துவர்கள் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. ரோஸ் ஆடவில்லை. இன்னும் உடம்பு தயாராகத் தோன்றவில்லை என்றார். சக ஆட்டக்காரர்கள் காய்ச்சலோடும் பாத வலியோடும் பருவக் கடைசியின் பிளேஆஃப் ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார்கள், இவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊரே அவரைக் கோழை என்றது. இதில் ஷூ நிறுவனம் வேறு, அவர் திரும்பி வருவதையே தொடர் விளம்பரமாக எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. உடம்பு ஒரு பக்கம் ஆற வேண்டும், விளம்பரத்துக்கு ஒரு முடிவுக் காட்சியும் வேண்டும்.

ஏசிஎல் கிழிந்தால் அதைத் தைத்துவிட்டு வருவது அரிது. பெரும்பாலும் உடம்பின் வேறு இடத்திலிருந்து, தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, ஒரு கீற்றை எடுத்து எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். பொருத்திய கீற்று முதல் சில மாதங்களில் வலுவடைவதற்குப் பதிலாக முதலில் வலு இழக்கிறது. உடம்பு அதற்குப் புதிதாக இரத்த ஓட்டம் கொடுத்துத் தசைநாராக மாற்றிக்கொள்ளக் காலம் பிடிக்கும். ஆபத்து என்னவென்றால், அந்தக் காலத்தில்தான் ஆளுக்கு வலி குறைந்து, நடக்க முடிந்து, ஓடக்கூட முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்வது இதனால்தான்.

என் தங்கை வாலிபால் ஆடுகிறவள், அவளுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. கிட்ட இருந்து பார்த்தேன். முதல் வாரங்களில் அவளுடைய வேலை, மடித்த துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அதைக் கீழே அழுத்துவது. அவ்வளவுதான் பயிற்சி. தொடைத் தசை கட்டளையைக் கேட்காது, மூளை சொல்கிறது, தசை அசையாமல் கிடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் நாடாவால் இரண்டு தொடையையும் அளந்து எழுதிக்கொள்வார், ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெலிந்திருந்தது. மாதங்கள் கழித்து ஒற்றைக் காலில் தாவும் சோதனை வைத்தார்கள், நல்ல கால் தாவும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது மற்றக் கால் தாவ வேண்டும். தூரம் வந்துவிட்டது. ஆனாலும் வலைக்கு அருகில் எழும்பி இறங்கும் அந்த நொடியில் அவள் முகம் மாறும். கால் தாங்கும் என்று அவளுக்கும் தெரியும், ஆனால் இறங்கும்போது உடம்பு நம்பவில்லை. ரோஸ் சொன்னது எனக்குப் புரிந்தது அப்போதுதான். மருத்துவர் தரும் அனுமதி எலும்புக்கும் தசைநாருக்கும் பொருந்தும். விழுந்த அந்த அசைவை மறுபடி யோசிக்காமல் செய்ய எப்போது முடியும் என்பதை ஆடுகிறவர் மட்டுமே சொல்ல முடியும்.

ரோஸ் 2013 அக்டோபரில் திரும்பினார். நவம்பர் 22 அன்று இன்னொரு முழங்காலில் சவ்வு கிழிந்தது. இப்போது பேச்சு, ஒன்றரை வருடம் உட்கார்ந்தும் பலன் இல்லை பார் என்று. அதற்கு அடுத்த வருடம், ஆடி முடித்த பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு வலியில்லாமல் போக வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னார், அதையும் பிடித்துக்கொண்டு கிழித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா என்று. சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் தன் முழங்காலின் அடுத்த ஐம்பது வருடத்தையும் விற்றுவிட்டதாக நாம் எப்போது முடிவு செய்தோம்?

உடம்பு நம்முடையது என்ற நினைப்பு அன்பிலிருந்தே வருகிறது என்பதும் உண்மை. 2002-ல் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது இங்கிலாந்தின் டேவிட் பெக்காமின் இடது பாத எலும்பு முறிந்தது. மெட்டாடார்சல் என்ற மருத்துவச் சொல் பிரிட்டனில் எல்லோர் வாயிலும் புழங்கியது அந்த மாதங்களில்தான். ஒரு நாளிதழ் அவருடைய பாதத்தின் படத்தை அச்சிட்டு, வாசகர்கள் அதன்மேல் கையை வைத்து குணமாக வேண்டிக்கொள்ளச் சொன்னது. பெக்காம் எப்படியோ ஆடவும் வந்துவிட்டார், அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோலும் அடித்தார். காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக, எல்லைக் கோட்டருகே எதிராளி சறுக்கிக்கொண்டு வந்தபோது, அந்தக் காலைக் காப்பாற்றிக்கொள்ளத் துள்ளி விலகினார். பந்து பிரேசிலிடம் போனது, சில நொடியில் ரிவால்டோ சமன் செய்தார். அந்தத் துள்ளலை வருடக்கணக்கில் குத்திக்காட்டினார்கள். தேசமே கைவைத்து வேண்டிக்கொண்ட கால் அது. அதன் சொந்தக்காரர் அதைப் பார்த்துக்கொண்டது மட்டும் குற்றமாகிவிட்டது.

ஊடகத்தைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாக் குற்றத்தையும் அங்கே தள்ள எனக்கு மனமில்லை. நாள்தோறும் இடத்தை நிரப்ப வேண்டிய தொழில் அது, குணமாவதோ நாள்கணக்கில் ஒன்றுமே நடக்காத வேலை. துண்டை அழுத்தினார், நேற்றும் அழுத்தினார் என்று யார் எழுத முடியும்? அதனால் தேதி எழுதுகிறார்கள். நான்கு வாரம், ஆறு வாரம், அரையிறுதிக்கு வந்துவிடுவார், அணி வட்டாரங்கள் தெரிவித்தன. மருத்துவர் ஒரு வரம்பாகச் சொன்னது அணி நிர்வாகத்தின் வாயில் நம்பிக்கையாக மாறி, தலைப்பில் வாக்குறுதியாக வந்து நிற்கும். ரசிகர் அந்தத் தேதியை மனதில் குறித்து வைத்துக்கொள்வார். அது தவறினால் பொய் சொன்னவர் பட்டியலில் சேர்வது அந்தத் தேதியைச் சொல்லவே சொல்லாத ஆட்டக்காரர்தான். குறைந்தபட்சம், தேதி போடும் செய்தியில் அது யார் சொன்ன தேதி என்று ஒரு வரி இருக்க வேண்டும். மருத்துவரா, நிர்வாகமா, ஆட்டக்காரரா, இல்லை ஒருவரும் இல்லையா?

சொந்த மைதானமே திரும்பிக்கொள்வதற்கு சச்சினைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2006 மார்ச், வான்கடே, இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். 21 பந்தில் 1 ரன் எடுத்து ஆட்டமிழந்து திரும்பியவரை அந்தக் கூட்டம் கூச்சலிட்டு அனுப்பியது. அதே மாதம் அவருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் முழங்கை வேறு மாதக்கணக்கில் படுத்தியிருந்தது. கூச்சலிட்டவர்களுக்கு அவர் தோளுக்குள் என்ன இருந்தது என்று தெரியாது, தெரியவும் வழியில்லை. அதையேதான் நானும் சொல்கிறேன், தெரிய வழியில்லாத ஒன்றைப் பற்றி இத்தனை உறுதியான முடிவுக்கு வர வேண்டியதில்லை. நான்கு வருடம் கழித்து, 2010 பிப்ரவரியில், அந்தத் தோளோடுதான் குவாலியரில் 200 அடித்தார்.

கூட்டம் என்றாலே இப்படித்தான் என்றும் நான் நினைக்கவில்லை. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க், பின்லாந்து கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று சரிந்தார். காயம் என்று அதைச் சொல்ல முடியாது, உயிர்ப் பிரச்சினை. மருத்துவர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, டென்மார்க் ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்றார்கள். பலர் அவருக்கு முதுகைக் காட்டி, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள், சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். நேரலை கேமராக்கள் அந்த வளையத்தின் இடுக்கு வழியாகவும், மைதானத்துக்குள் வந்த அவர் துணைவியின் முகத்திலும் போய் நின்றன. பிபிசி பிறகு மன்னிப்புக் கேட்டது. அதே நேரம் அரங்கில், பின்லாந்து ரசிகர்கள் ஒரு பக்கமிருந்து "கிறிஸ்டியன்" என்று கூவ, டென்மார்க் ரசிகர்கள் மறுபக்கமிருந்து "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். ஆட்டம் எப்போது தொடங்கும் என்று யாரும் சத்தம் போடவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அந்த இங்கிதம் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. அப்படியென்றால் முதுகு விரிசலுக்கும் முழங்கால் சவ்வுக்கும் மட்டும் ஏன் அது வரக் கூடாது?

டுரான்ட்டுக்கு வருகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் புரூக்ளின் நெட்ஸ் அணியில் சேர்ந்தார், 2019-20 பருவம் முழுக்க ஆடவில்லை. கொரோனாவால் நின்றுபோன போட்டிகள் 2020 ஜூலையில் மறுபடி தொடங்கவிருந்தபோது, காயமாகி ஒரு வருடம் ஆகிவிட்டதே, இப்போது வரலாமே என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்தப் பருவம் எனக்கு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார், அணியும் அதற்கு மேல் கேட்கவில்லை. காயத்துக்கும் திரும்பி வந்த ஆட்டத்துக்கும் நடுவில் ஒன்றரை வருடம். 2021 ஜூனில் மில்வாக்கிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடி 48 புள்ளி எடுத்தார். நெட்ஸ் தோற்றது. அவருடைய கால் தாங்கியது.